வீடியோவில் முகம்: கேமராவிலேயே சருமத்தை மென்மையாக்கும் அமைப்பை எப்படிப் பயன்படுத்துவது?

எந்த வீடியோவிலும் அதில் இருப்பவர் முதலில் தேடுவது தன் முகத்தைத்தான். இன்றைய 4கே கேமராக்கள் கன்னத்துத் துளைகளையும், நேற்று வந்த பருவையும், மேக்கப் திட்டுத் திட்டாக நிற்பதையும் ஒளிக்காமல் காட்டிவிடுகின்றன. அதனால்தான் பல கேமராக்களில் சருமத்தை மென்மையாக்கும் வசதி உள்ளேயே வருகிறது. கல்யாண வீடியோ, பேட்டி, யூடியூப் என்று எதற்கும் இது கைகொடுக்கும். ஆனால் கேமரா அழித்துவிட்டுப் பதிவு செய்த விவரம் எடிட்டிங்கில் திரும்பி வராது. ஆகவே இதைக் கடைசியாகத்தான் போட வேண்டும், குறைவாகத்தான் போட வேண்டும், சோதித்துப் பார்க்காமல் போடவே கூடாது. கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

உங்கள் கேமராவில் இருப்பது எந்த வகை?

இரண்டு வகைகள் உண்டு. இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு, சொதப்பும் இடமும் வேறு. அதனால் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகை முகத்தைக் கண்டுபிடித்து வேலை செய்வது. கேமரா ஃபிரேமில் முகம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பகுதியில் மட்டும் சின்னச் சின்ன வேறுபாடுகளை மழுக்கும். கண், உதடு, புருவம் போன்ற அழுத்தமான கோடுகளை விட்டுவிட முயலும். சோனி இசட்வி-1, இசட்வி-இ10 கேமராக்களில் 'சாஃப்ட் ஸ்கின் எஃபெக்ட்' என்று இருப்பது இதுதான். லோ, மிட், ஹை என்று மூன்று அளவு. நிக்கான் இசட்8-இல் இதன் பெயர் 'ஸ்கின் சாஃப்டனிங்'. கேனான் பவர்ஷாட் வி10-இல் 'ஸ்மூத் ஸ்கின் மூவி' என்று தனி மோடாகவே வருகிறது. ஃபோன்களில் 'பியூட்டி' என்ற பெயரில் வருவதும் இந்த ஜாதிதான்.

இரண்டாவது வகை நிறத்தை வைத்து வேலை செய்வது. சோனி, பானசோனிக், கேனான் நிறுவனங்களின் தொழில்முறை கேம்கார்டர்களில் 'ஸ்கின் டோன் டீட்டெயில்' அல்லது 'ஸ்கின் டீட்டெயில்' என்று மெனுவில் இருக்கும். இதற்கு முகம் என்றால் என்னவென்றே தெரியாது. நீங்கள் குறித்துக் கொடுத்த நிறம் ஃபிரேமில் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் கூர்மையைக் குறைக்கும். அது கன்னமாகவும் இருக்கலாம், பின்னால் இருக்கும் தேக்குக் கதவாகவும் இருக்கலாம்.

கேமரா மாடலின் பெயரோடு இந்தப் பெயர்களைச் சேர்த்து அதன் கையேட்டில் தேடினால் எந்த வகை, எந்த மெனுப் பக்கம் என்பது தெரிந்துவிடும். மெனுவில் பெயர் இருந்தும் சாம்பல் நிறத்தில் மங்கி, தேர்ந்தெடுக்க முடியாமல் நின்றால் கேமரா பழுது என்று நினைக்க வேண்டாம். ரா பதிவு (கேமரா திருத்தாமல் தரும் மூலப் பதிவு), ஸ்லோ மோஷனுக்கான அதிக ஃபிரேம் வேகம், லாக் (எடிட்டிங்கில் நிறம் திருத்துவதற்காக வெளிறலாக எடுக்கும் பதிவு) போன்ற சில அமைப்புகளோடு இந்த வசதி பல கேமராக்களில் சேர்ந்து ஓடாது. அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். புகைப்படத்துக்கு மட்டும் வேலை செய்து, வீடியோவில் கைவிட்டுவிடும் மாடல்களும் உண்டு. டயலை வீடியோ மோடில் வைத்துச் சோதிப்பதுதான் நிச்சயமான வழி.

முதலில் லைட்

மென்மையாக்கும் அமைப்பைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் தேவைப்படுவது லைட்டை இரண்டடி நகர்த்துவதுதான். சருமத்தின் மேடுபள்ளம் தெரிவதே நிழலால். சின்ன லைட் ஒன்று பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்தால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு நிழல் விழும். அதே லைட்டைப் பெரிதாக்கி, முகத்துக்கு முன்பக்கமாகக் கொண்டுவந்தால் அந்த நிழல்கள் கரைந்துவிடும்.

பேட்டிக்கு 2 × 3 அடி சாஃப்ட்பாக்ஸ் ஒன்றை முகத்திலிருந்து 3, 4 அடி தூரத்தில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, மூக்கு நேர்கோட்டிலிருந்து 30 முதல் 45 பாகை விலக்கி வையுங்கள். சாஃப்ட்பாக்ஸைத் தூரக் கொண்டுபோகப் போக அது முகத்துக்குச் சின்ன லைட்டாகிவிடும். இடம் இருக்கிறதே என்று பத்தடி தள்ளி வைத்தால் பெட்டி வாங்கிய பலனே போய்விடும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் ஷீட்டை நிறுத்துங்கள். அதைவிட மலிவான, அதைவிட நல்ல ரிஃப்ளெக்டர் கிடைப்பது கஷ்டம்.

எண்ணெய்ப் பளபளப்பு தனிப் பிரச்சினை. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளையாக வெடித்து நிற்கும் பளபளப்பை எந்த மென்மையாக்கலும் எடுக்காது. சுற்றியிருக்கும் சருமத்தை மழுக்கி, அந்த வெள்ளைத் திட்டை இன்னும் எடுத்துக்காட்டும். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மேலே நிறமில்லாத பவுடரை மெல்லியதாகப் போட்டால் போதும். ஏசி இல்லாத மண்டபத்தில் அரை மணிக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும்

இருட்டாக எடுத்தால் கேமரா ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறனை) ஏற்றும், நாய்ஸ் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல்) வரும், நாய்ஸை அடக்க நாய்ஸ் ரிடக்‌ஷன் ஓடும், அதுவும் மழுக்கும் வேலைதான். அதற்கு மேல் சரும மென்மையாக்கலும் சேர்ந்தால் முகம் மெழுகு பொம்மையாகிவிடும். 'மென்மையாக்கல் அதிகமாகிவிட்டது' என்று சொல்லப்படும் பல வீடியோக்களில் உண்மையான குற்றவாளி வெளிச்சக் குறைவுதான்.

ஜீப்ராவை (குறித்த வெளிச்ச அளவில் உள்ள இடங்களின் மேல் கேமராத் திரை காட்டும் சாய்கோடுகளை) வைத்து அளவிடுங்கள். சாதாரண ரெக் 709 (டிவிக்கான வழக்கமான நிற அமைப்பு) பதிவில், லைட் படும் பக்கத்துக் கன்னம் வெளிர் நிறத்தவர்களுக்கு 65 முதல் 70, மாநிறத்துக்கு 55 முதல் 65, கறுத்த நிறத்துக்கு 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. சோனியில் ஜீப்ராவின் சி1 நினைவகத்தில் 60, ப்ளஸ் மைனஸ் 5 என்று போட்டு வைத்துக்கொண்டால், கோடுகள் கன்னத்தில் விழுகின்றனவா என்று ஒரே பார்வையில் தெரியும். கறுத்த முகத்தை 70-க்கு ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த முகத்தின் நிறமும் போகும், பின்னால் இருக்கும் வெள்ளை வேட்டியும் வெந்துபோகும்.

ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவில் விடாதீர்கள். நிறத்தை வைத்து வேலை செய்யும் கேம்கார்டர்களில் இது இரட்டைச் சேதம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மெதுவாக நகரும்போது சருமத்தின் நிறம் நீங்கள் குறித்த வட்டத்தை விட்டு வெளியே போகும், மென்மை மறையும், திரும்ப உள்ளே வரும், மென்மை வரும். ஒரே ஷாட்டில் முகம் மாறி மாறித் தெரியும். பகல் வெளிச்சத்துக்கு 5600 கெல்வின், ஹாலஜன் விளக்குக்கு 3200 கெல்வின் என்று பூட்டுங்கள். இரண்டும் கலந்த இடத்தில் முகம் இருக்கும் இடத்திலேயே வெள்ளைத் தாளைப் பிடித்து மேனுவலாக எடுங்கள். தாளை லைட்டுக்குப் பக்கத்தில் பிடித்தால் லைட்டுக்குத்தான் சரியாகும், முகத்துக்கு ஆகாது.

ஷட்டர் பற்றி ஒரு வரி: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேமில் 1/50 வையுங்கள். டியூப் லைட், மலிவான எல்இடி இவற்றின் மினுக்கல் பெரும்பாலும் அடங்கும்.

கூர்மையைக் குறையுங்கள்

இந்தப் படியைத் தாண்டி நேராக மென்மையாக்கலுக்குப் போவதுதான் புதிதாக வருபவர்கள் அதிகம் செய்வது. யோசித்துப் பாருங்கள்: கேமரா ஒரு கையால் எல்லா விளிம்புகளுக்கும் செயற்கையாகக் கூர்மை ஏற்றுகிறது, இன்னொரு கையால் முகத்தில் மட்டும் அதை அழிக்கிறது. பருவின் ஓரத்தில் தெரியும் கறுப்புக் கோட்டில் பாதி கேமரா வரைந்தது. அதை வரையவேண்டாம் என்று சொல்வதுதான் முதல் வேலை.

சோனியின் பிக்சர் புரொஃபைலில் 'டீட்டெயில்' அளவு -7 முதல் +7 வரை போகும்; -3-இல் தொடங்கிப் பாருங்கள், தேவைப்பட்டால் -5. கேனான் பிக்சர் ஸ்டைலில் 'ஷார்ப்னெஸ்'ஸின் வலுவை 0 அல்லது 1-க்கு இறக்குங்கள். நிக்கான் பிக்சர் கன்ட்ரோலில் ஷார்ப்பனிங்கோடு 'கிளாரிட்டி'யையும் கவனியுங்கள். கிளாரிட்டி என்பது நடுத்தர அளவிலான மேடுபள்ளங்களை எடுத்துக்காட்டுவது. கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையமும் பருத் தழும்பும் அந்த அளவில்தான் இருக்கின்றன. முகம் எடுக்கும்போது அது 0-க்கு மேலே இருக்கக் கூடாது, -1 இருந்தால் இன்னும் நல்லது.

ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்தால் ஃபோகஸ் போய்விட்டதோ என்று முதலில் தோன்றும். போகவில்லை. கண் இமை முடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால் ஃபோகஸ் சரி. இந்தப் படியோடு நிறுத்திக்கொண்டாலே பத்தில் பாதி ஷூட்டுக்குப் போதும் என்பது எங்கள் கருத்து.

முகம் கண்டறியும் வகையை அமைப்பது

இது சுலபம். மெனுவில் முகம் கண்டறிதலை ஆன் செய்யுங்கள், மென்மையாக்கலை 'லோ'வில் வையுங்கள். ஏறக்குறைய எல்லா வேலைக்கும் லோ போதும். மிட் என்பது மேக்கப் இல்லாமல், முகத்துக்கு மிக அருகில், நல்ல லைட் வைக்க வழியில்லாத போது. ஹை-யைத் தொடாதீர்கள், கேமராவின் சின்னத் திரையில் அழகாகத் தெரிவது டிவியில் பொம்மை முகமாகத் தெரியும்.

பிறகு ஒரு சோதனை எடுங்கள். எதிரில் ஒருவரை உட்கார வைத்து ஆஃப், லோ, மிட் என்று ஒவ்வொன்றிலும் 20 விநாடி பதிவு செய்யுங்கள். அந்த 20 விநாடியில் அவர் பேச வேண்டும், சிரிக்க வேண்டும், தலையை மெதுவாக இடது தோள் வரை திருப்பித் திரும்ப வேண்டும், நெற்றியில் விழுந்த முடியைக் கையால் ஒதுக்க வேண்டும், கடைசியில் ஃபிரேமை விட்டு எழுந்து போய்த் திரும்பி வர வேண்டும். வெறுமனே கேமராவைப் பார்த்து உட்கார்ந்தால் எந்தக் குறையும் தெரியாது.

இதை 32 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள டிவியில் பாருங்கள். கவனிக்க வேண்டிய இடங்கள் இவை. புருவத்தின் ஓரத்து முடிகள் தனித்தனியாக நிற்கின்றனவா, மை பூசினாற்போல் ஆகிவிட்டதா? நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் குட்டி முடிகள் மறைந்து, விக் வைத்தது போல் வெட்டுக்கோடு தெரிகிறதா? ஆண்களின் இரண்டு நாள் தாடி சாம்பல் திட்டாகிவிட்டதா? மூக்குத்தியின் ஓரம் மங்குகிறதா? தலையைத் திருப்பியதும், பக்கவாட்டு முகத்தில் மென்மை சட்டென்று விலகித் துளைகள் துள்ளி வருகின்றனவா?

கடைசியாகச் சொன்னதுதான் இந்த வகையின் பெரிய பலவீனம். கேமரா முகத்தை இழக்கும்போதெல்லாம் மென்மையும் போகும். கை முகத்தைக் கடந்தாலோ, கனமான மாலை தாடையை மறைத்தாலோ, பின்னாலிருந்து கடுமையான லைட் அடித்தாலோ இது நடக்கும். உங்கள் கேமராவில் இந்தத் துள்ளல் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால், மிட்டை விட்டு லோவுக்கு வாருங்கள். விலகும்போது தெரியும் வித்தியாசம் குறையும். லோவிலும் தெரிந்தால், அசையாமல் உட்கார்ந்து பேசும் ஷாட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, எத்தனை முகம் என்பது. நிக்கானின் ஸ்கின் சாஃப்டனிங் அதிகபட்சம் மூன்று முகங்களுக்குத்தான் வேலை செய்யும். மணமக்களோடு இரண்டு பக்கத்துப் பெற்றோரும் நின்றால் ஆறு முகம். மூன்று பேர் மழமழவென்றும் மூன்று பேர் உள்ளபடியும் தெரிந்தால், வீட்டில் ஆல்பம் போலக் கூடி உட்கார்ந்து பார்க்கும்போது கேள்வி வரும். குழு ஷாட்டுக்கு அணைத்துவிடுவதே சரி. குழு ஷாட்டில் முகம் சின்னதாகத்தான் இருக்கும். மென்மையாக்கல் தேவையும் இல்லை.

சில கேமராக்களிலும் கிட்டத்தட்ட எல்லா ஃபோன்களிலும் மென்மையாக்கலோடு முகத்தை வெளுக்க வைப்பது, கண்ணைப் பெரிதாக்குவது, தாடையை ஒடுக்குவது என்று வேறு ஸ்லைடர்களும் ஒட்டிக்கொண்டு வரும். அவை எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். மென்மையாக்குவது வேறு, நிறத்தை மாற்றுவது வேறு. கறுத்த பெண்ணின் முகத்தைக் கேட்காமலே வெளுக்க வைப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. தொழில் ரீதியாகப் பார்த்தாலும் தப்பு: முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் வேறு நிறம் என்று பிரிந்து நிற்கும்.

நிறத்தை வைத்து வேலை செய்யும் வகையை அமைப்பது

இதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் சரியாக அமைத்துவிட்டால் முகம் திரும்பினாலும் கை குறுக்கே வந்தாலும் துள்ளாது. எங்களைக் கேட்டால் நேரலைக்கும் மேடைக்கும் இதுதான் நம்பகமானது.

கேனான் எக்ஸ்எஃப் வரிசைக் கேம்கார்டர்களை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்எஃப் 305-இல் கஸ்டம் பிக்சருக்குள் 'ஸ்கின் டீட்டெயில்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஐந்து விஷயங்கள்: மென்மையின் அளவு, ஹ்யூ (எந்த நிறம் என்பது), குரோமா, ஏரியா (அந்த நிறத்தைச் சுற்றி எவ்வளவு அகலம் என்பது), ஒய் லெவல். இந்தப் பக்கத்தைத் திறந்ததும், சருமம் என்று கேமரா எடுத்துக்கொள்ளும் இடங்களின் மேல் ஜீப்ராக் கோடுகள் ஓடும். இந்தக் கோடுகள்தான் உங்களுக்கு வழிகாட்டி. மற்ற நிறுவனங்களின் கேம்கார்டர்களில் பெயர்கள் கொஞ்சம் மாறும் – ஹ்யூவுக்குப் பதில் 'ஃபேஸ்' (Phase, முகம் அல்ல), ஏரியாவுக்குப் பதில் 'விட்த்' என்பது போல – வேலை ஒன்றுதான்.

வரிசை இப்படி இருக்கட்டும். எடுக்கப்போகும் ஆளையே, எடுக்கப்போகும் லைட்டிலேயே நிறுத்துங்கள். ஒயிட் பேலன்ஸ் பூட்டியிருக்க வேண்டும். மென்மையின் அளவைத் தற்காலிகமாக 'ஹை'யில் வையுங்கள். தேடும்போது மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும். முகத்தை ஃபிரேமில் பாதி நிரம்பும்படி ஜூம் செய்யுங்கள்.

ஏரியாவை மிகக் குறைத்துவிட்டு ஹ்யூவை மெதுவாக நகர்த்துங்கள். அது -16 முதல் +16 வரை போகும். ஒரு இடத்தில் கோடுகள் கன்னத்தின் நடுவில் முளைக்கும். அதுதான் உங்கள் மையம். இப்போது குரோமா: நிறம் எவ்வளவு அடர்த்தி என்பது. 0 முதல் 31. கோடுகள் கன்னத்தில் அடர்த்தியாகும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து ஒய் லெவல்: எவ்வளவு வெளிச்சமான சருமம் என்பது. லைட் படும் கன்னமும் நிழல் பக்கத்துக் கன்னமும் இரண்டும் கோட்டுக்குள் வர வேண்டும். கடைசியில்தான் ஏரியாவைக் கூட்ட வேண்டும், அதுவும் முகத்தில் முக்கால்வாசி மூடும் வரை மட்டும். முழு முகமும் மூட வேண்டும் என்று ஆசைப்பட்டு ஏரியாவைக் கூட்டிக்கொண்டே போனால் உதடு உள்ளே வரும், பிறகு சுவர் வரும், பிறகு பட்டுப்புடவை வரும்.

இப்போது ஜூமை விலக்கி முழு ஃபிரேமையும் பாருங்கள். முகத்தைத் தவிர வேறு எங்கே கோடுகள் ஓடுகின்றன? மரக்கதவு, செங்கல் சுவர், மண் நிறத் திரை, மணல், சந்தனம், பித்தளைக் குத்துவிளக்கு – இவை எல்லாம் நிறத்தில் சருமத்துக்கு நெருங்கிய உறவு. ஜரிகைதான் அதிகம் இழப்பது. மாம்பழ நிறப் பட்டில் தங்க ஜரிகைக் கரை கோட்டுக்குள் வந்துவிட்டால், அதன் மினுமினுப்பு, இழை இழையாகத் தெரியும் வேலைப்பாடு எல்லாம் மழுங்கி, மஞ்சள் பெயின்ட் பூசிய பட்டை போல ஆகிவிடும். அந்தப் புடவையைத் தேடித்தேடி வாங்கிய குடும்பத்துக்கு இது கண்ணில் பட்டே தீரும். ஏரியாவை இரண்டு மூன்று புள்ளி குறையுங்கள், குரோமாவைக் கொஞ்சம் இறக்குங்கள். ஜரிகை சருமத்தைவிட அடர்த்தியான மஞ்சள் என்பதால் பெரும்பாலும் விலகிப்போகும். போகவில்லையென்றால் முகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஜரிகையைக் காப்பாற்றுங்கள்.

எல்லாம் சரியானதும் மென்மையை ஹை-யிலிருந்து லோவுக்கு இறக்குங்கள். இதை மறந்தால் அவ்வளவு உழைப்பும் வீண். பிறகு அந்த அமைப்பைக் கஸ்டம் பிக்சர் நினைவகம் ஒன்றில், உடனே புரியும் பெயரில் சேமியுங்கள்: 'மேடை லைட்', 'பகல்' என்பது போல.

கறுத்த சருமத்துக்கு

மனிதச் சருமத்தின் நிறம் மெலனினாலும் ரத்தத்தாலும் வருவது. அதனால் வெளிர் தோலானாலும் கறுத்த தோலானாலும் வெக்டர்ஸ்கோப்பில் (நிறங்களை வட்டத்தில் காட்டும் அளவுகருவியில்) ஏறக்குறைய ஒரே கோட்டில், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் விழும். வித்தியாசம் அடர்த்தியிலும் வெளிச்சத்திலும்தான். ஆகவே ஹ்யூவைப் போட்டு அலசாதீர்கள். அதை ஒருமுறை சரியாகப் பிடித்த பின் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது ஒய் லெவலும் குரோமாவும். மணமகன் மாநிறம், மணமகள் கறுப்பு என்றால் ஒய் லெவலை இருவருக்கும் நடுவில் வைத்து, ஏரியாவை ஒரு புள்ளி கூட்டுங்கள். ஒருவரை மட்டும் பார்த்து அமைத்தால், பக்கத்தில் நிற்பவரின் சருமம் கேமராவின் கணக்கில் வரவே வராது.

கறுத்த சருமத்தின் அழகே அதில் விழும் ஒளியின் மெல்லிய மினுப்பில் இருக்கிறது. கன்ன எலும்பில், மூக்குத் தண்டில் விழும் அந்த மினுப்புதான் முகத்துக்கு வடிவம் தருகிறது. மென்மையாக்கல் அதிகமானால் முதலில் காணாமல் போவது அது, முகம் தட்டையாகிவிடும். லோவுக்கு மேல் போகாதீர்கள். அதற்குப் பதில் பெரிய லைட்டை இன்னும் அருகில் கொண்டுவாருங்கள்.

கல்யாண மண்டபத்தில்

ரிசப்ஷன் மேடையில் பச்சை, ஊதா, மெஜந்தா என்று மாறிக்கொண்டே இருக்கும் எல்இடி பார் லைட்டுகள் முகத்தில் விழுந்தால், நிறத்தை வைத்து வேலை செய்யும் வகை செயலற்றுப்போகும். ஊதா நிறக் கன்னம் அதன் கணக்கில் சருமமே இல்லை. லைட் ஆளிடம் முன்கூட்டியே பேசி, கலர் லைட்டுகளைப் பின்திரைக்கும் தரைக்கும் திருப்பிவிடச் சொல்லுங்கள். முகத்துக்கு வெள்ளை லைட் மட்டும். இந்த ஒரு பேச்சுவார்த்தை எந்த மெனுவையும்விடப் பயன் தரும்.

முகூர்த்தத்தில் ஹோமப் புகை தானாகவே எல்லாவற்றையும் மென்மையாக்கும். அந்த நேரத்துக்கு அமைப்பை ஆஃப் செய்யுங்கள். புகைக்குள் கேமரா முகத்தைத் தேடித் தடுமாறும்போது மென்மை வந்து வந்து போகும். நலங்கு, மஞ்சள் பூசும் சடங்கு, மருதாணி இவற்றிலும் ஆஃப். அங்கே எடுக்க வேண்டியதே மஞ்சள் ஒட்டியிருக்கும் சருமமும் கோடு கோடாய் ஓடும் மருதாணியும்தான்.

பெரியவர்களின் முகத்துக்குப் போடாதீர்கள். எண்பது வயது பாட்டியின் சுருக்கங்களை அரைகுறையாக மழுக்கினால் இளமை வராது, முகம் ஊறிப்போனது போலத் தெரியும். நெற்றியில் விபூதிப் பட்டை போட்டிருக்கும் தாத்தாவுக்கு அந்தப் பட்டையின் பொடித்தன்மை போய், வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியது போல ஆகும். பேரனுக்கும் பேத்திக்கும் இருபது வருடம் கழித்து வேண்டியது அந்தச் சுருக்கங்கள்தான்.

ஆன், ஆஃப் இவ்வளவு அடிக்கடி தேவைப்படுவதால் மெனுவுக்குள் போய்க்கொண்டிருக்க முடியாது. கேமராவில் ஒரு கஸ்டம் பட்டனுக்கு இதை ஒதுக்குங்கள். ஒதுக்க முடியாத மாடல் என்றால் மோட் டயலில் உள்ள நினைவகத்தில் 1-இல் ஆஃப், 2-இல் லோ என்று சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றாதீர்கள்.

இரண்டு கேமரா, மூன்று கேமரா

ஒரு கேமராவில் மென்மை இருந்து இன்னொன்றில் இல்லையென்றால், எடிட்டிங்கில் ஒவ்வொரு கட்டிலும் முகம் மாறும். ஒரே நிறுவனம், ஒரே மாடல் என்றால் ஒரே அளவு வையுங்கள். வெவ்வேறு நிறுவனம் என்றால் ஒன்றின் லோ மற்றொன்றின் லோவுக்குச் சமமாக இருக்காது. எல்லாக் கேமராவிலும் அணைத்துவிட்டு, ஷார்ப்னெஸ்ஸை மட்டும் ஒரே மாதிரி இறக்கிவிட்டு, மென்மையாக்கலை எடிட்டிங்கில் செய்யுங்கள்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் ஸ்டுடியோ பதிப்பில் 'ஃபேஸ் ரிஃபைன்மென்ட்' என்ற வசதி இருக்கிறது. காசு கொடுக்காத பதிப்பில், குவாலிஃபையரால் சரும நிறத்தைத் தேர்ந்தெடுத்து 'மிட்டோன் டீட்டெயில்' அளவை மைனஸ் பக்கம் நகர்த்தினால் நல்ல பலன் கிடைக்கும். -20-இல் தொடங்குங்கள். இதில் பெரிய நன்மை, பிடிக்கவில்லையென்றால் திரும்ப எடுத்துவிடலாம் என்பது. லாக்கில் எடுப்பவர்களுக்கும் இதுவே வழி. நேரம் இருந்தால் எடிட்டிங். நேரலை, அன்றே கொடுக்க வேண்டிய ஹைலைட், எடிட்டிங் தெரியாத வாடிக்கையாளருக்கு நேராகக் கொடுக்கும் கார்டு – இந்த மூன்றுக்கும் கேமராவுக்குள்ளேயே செய்வது என்று பிரித்துக்கொள்ளலாம்.

கன்னத்தில் வரும் பட்டைகள்

மென்மையாக்கிய கன்னத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் இடத்தில் படிப்படியாகப் பட்டைகள் தெரிந்தால், அது 8 பிட் பதிவின் வரம்பு. 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 10 பிட்டில் 1024. சாதாரணமாகச் சருமத்தின் நுண்ணிய விவரமும் கொஞ்சம் நாய்ஸும் அந்தப் படிகளை மறைத்துவிடும். மென்மையாக்கல் அந்த மறைப்பை நீக்கிவிடுவதால் படிகள் வெளியே வரும். யூடியூபோ வாட்ஸ்அப்போ மறுபடி சுருக்கும்போது இன்னும் மோசமாகும். 10 பிட் இருந்தால் அதில் எடுங்கள். இல்லையென்றால் கேமராவில் கிடைக்கும் அதிகபட்ச பிட்ரேட்டை (விநாடிக்குப் பதிவாகும் தரவின் அளவை) வைத்து, மென்மையை லோவிலேயே நிறுத்துங்கள். ஃபோனில் பார்க்கப்போகும் வீடியோ என்றால் சுருக்கமே பாதி விவரத்தைத் தின்றுவிடும். அங்கே பெரும்பாலும் ஆஃப் போதும்.

லென்ஸில் மாட்டும் டிஃப்யூஷன் ஃபில்டர் கேமராவின் மென்மையாக்கலுக்கு மாற்று. டிஃபன் பிளாக் ப்ரோ-மிஸ்ட் 1/8 அளவு முகத்துக்கு நல்லது. 1/4 கொஞ்சம் அதிகம். அது முகம், கதவு, புடவை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சமமாகத் தொடும், அதனால் துள்ளலும் இல்லை, திட்டும் இல்லை. ஆனால் சீரியல் லைட்டும் குத்துவிளக்குச் சுடரும் ஃபிரேமில் இருந்தால் அவற்றைச் சுற்றிப் பால்வட்டம் விழும். சிலருக்கு அது பிடிக்கும், கேட்டுவிட்டு மாட்டுங்கள். ஃபில்டரும் மென்மையாக்கலும் சேர்த்து வேண்டாம்.

எப்போது போடவே கூடாது

செய்தி, ஆவணப்படம், சாட்சியாகப் பயன்படக்கூடிய பதிவு, மருத்துவ வீடியோ, தோல் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் காட்டும் வீடியோ, மேக்கப் அல்லது சருமப் பொருள் விளம்பரம் – இவற்றில் சருமம் உள்ளபடி தெரிய வேண்டும். க்ரீம் விளம்பரத்தில் கேமரா செய்த வேலையைக் க்ரீம் செய்ததாகக் காட்டுவது ஏமாற்று. மற்ற இடங்களிலும் ஆளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆஃப், லோ இரண்டையும் எடுத்துக் காட்டினால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. முகத்தில் உள்ள மச்சத்தையும் அம்மைத் தழும்பையும் தன் அடையாளமாக நினைப்பவர்கள் நிறையப் பேர்.

ஷூட் முடிந்ததும் அமைப்பை ஆஃப் செய்துவிட்டுக் கேமராவைப் பையில் வையுங்கள். பல மாடல்களில் பவரை அணைத்தாலும் இது நினைவில் நிற்கும். அடுத்த வேலை நகைக்கடைக்கோ கோயில் திருவிழாவுக்கோ இருக்கலாம். அங்கே போய் இரண்டு மணிநேரம் எடுத்த பிறகு கவனித்தால் அந்த விவரத்தை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. அடுத்த ஷூட்டுக்கு முன் ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ, ஷட்டர் பார்க்கும் பட்டியலில் இதையும் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.